ஏழாவது தூண்

அந்த வீட்டில் ஒரு தூண் காணாமல் போய் முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது.

வீட்டுத் தூண் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கவர்னர் மாளிகை ஒன்றின் தூண். ரயிலில் பதினோரு மணி நேரம் போனால் வருகிற ஒரு துறைமுக ஊரில், கடலைப் பார்த்தபடி, அந்த மாளிகை இன்றைக்கும் பதினான்கு தூண்களோடு சௌக்கியமாக நிற்கிறது. ஆனால் இந்த வீட்டு ஆல்பத்தில் அதற்குப் பதின்மூன்று தூண்கள்தான். ஏழாவது தூணைத் தொலைத்தது யார் என்பதில் மாமாவுக்கும் அத்தைக்கும் வழக்கு. தீர்ப்பு சொல்லப் போனவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பியவர்கள்.

மருமகள் அந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. "மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க." ஒரு நாளில் அவள் பேசுவதில் பாதி இந்த மூன்று வார்த்தைகள்தான். வீட்டில் அதுவும் இல்லை. ஆனாலும் தூண் வழக்கின் விவரம் முழுவதும் அவளுக்கு வந்த இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு ஆல்பத்தையும் கொடுப்பார்கள்.

விவரம் இதுதான். மாமா நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை தையல்காரி. இருவரும் அளவிலேயே வாழ்ந்தவர்கள். கல்யாணமான ஒன்பதாம் நாள், நண்பரிடம் இரவல் வாங்கிய கேமராவோடு அந்த ஊருக்குப் போயிருக்கிறார்கள். மற்ற ஜோடிகள் மலை, அருவி என்று போவார்கள். மாமாவுக்கு நீளமான கட்டடம் வேண்டும். கவர்னர் மாளிகை, சுங்க மாளிகை, பழைய ரயில் நிலையம், சிப்பாய்கள் தங்கிய நெடிய கொட்டடி. எதுவும் கேமராவுக்குள் அடங்கவில்லை. பின்னால் நகர்ந்து எடுக்கலாம் என்றால் முதுகுக்குப் பின்னால் கடல்.

மாமா யோசித்தார். அத்தையின் கைப்பையில் இருந்த, துணியில் கோடு போடும் தையல் சாக்பீஸை வாங்கினார். தேனிலவுக்கும் சாக்பீஸோடு போனவள் அத்தை. சாலையில் ஒரு குறி போட்டார். குறியில் நின்று மாளிகையின் இடது பாதியை அவர் எடுப்பார், அந்தப் பாதியில் அத்தை நிற்பாள். பிறகு அதே குறியில் அத்தை நின்று வலது பாதியை எடுப்பாள், அதில் அவர் நிற்பார். ஆளுக்கு ஏழு தூண். ஊருக்குத் திரும்பி இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் முழு மாளிகை, முழு ஜோடி.

திரும்பி வந்து வைத்துப் பார்த்தார்கள். இடது படத்தில் ஆறு தூண். வலது படத்தில் ஏழு தூண். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மாளிகையே இல்லை. கையை நீட்டி நின்ற அத்தைக்கு மணிக்கட்டுக்கு அப்பால் கையைக் காணோம். எதிர்ப் பக்கம் மாமாவுக்கும் அதே கதி. சுங்க மாளிகையின் கடிகாரத்தில் பன்னிரண்டும் இல்லை, ஆறும் இல்லை. போன கட்டடம் எல்லாம் இப்படித்தான். உறவுக்காரர்கள் அந்த ஆல்பத்துக்கு 'வெட்டுக்குத்து ஆல்பம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"குறியை விட்டு நகர்ந்துட்டா. வலது பக்கமா," என்றார் மாமா அன்றைக்கு.

"நான் நகரலை," என்றாள் அத்தை.

முப்பத்தைந்து வருடமாக இருவரும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறு தூண் படத்தை எடுத்தது மாமாதானே என்று கேட்டவர்கள் பதில் வாங்காமல் திட்டு வாங்கினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரவுச் சாப்பாடு முடிந்ததும், மருமகளின் கணவன் இரண்டு டிக்கெட்டுகளை மேசைமேல் வைத்தான். லிஃப்ட் மெக்கானிக் அவன். எதையும் சுற்றி வளைக்காமல் நேராக மேலேயோ கீழேயோ போவான்.

"வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணி ரயில். முப்பத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு அதே ஊரு. ஆறு நாள். ரூம் எல்லாம் போட்டாச்சு. பெட்டி கட்டுங்க."

அத்தை டிக்கெட்டை எடுத்து, புதுத் துணியைப் பார்ப்பது போல விரலால் தேய்த்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ நினைவு வந்து சுருங்கியது.

"போகலாம். ஆனா ஒண்ணு. நான் நகரலைன்னு உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"அம்மா, ஆரம்பிக்காத."

"நான் எங்கடா ஆரம்பிச்சேன்? ஆரம்பிச்சது அவரு. நான் முடிக்கலாம்னு பார்க்கறேன்."

மாமா செய்தித்தாளை இறக்கினார். "நகர்ந்தா நகர்ந்ததுதான். அளவு பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலை. தூண் சொல்லுது. பதினாலுல ஒண்ணு எங்கேன்னு கேக்குது."

"அப்ப அந்தத் தூணையே கூட்டிட்டுப் போங்க. பக்கத்து சீட்டு அதுக்குத்தான்."

டிக்கெட் மேசையிலேயே கிடந்தது. அத்தை தையல் மெஷினில் போய் உட்கார்ந்து, யாருடைய ரவிக்கையோ, அதன்மேல் கோபத்தைக் காட்டினாள்.

அந்த இரண்டு டிக்கெட்டுகளில் மருமகளுக்கும் ஒரு பங்கு இருந்தது. வெளியே சொல்ல முடியாத பங்கு. வீட்டில் ஒரு கூடம், இரண்டு அறை. அறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர், சுவர் என்று பெயருக்கு. அந்தப் பக்கம் மாமா செய்தித்தாளைப் புரட்டினால் இந்தப் பக்கம் கேட்கும். நான்கு மாதமாக அவளும் கணவனும் கிசுகிசுப்பிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வந்தால் தலையணைக்குள் சிரித்தார்கள். தன் சிரிப்பு உண்மையில் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியுமா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆறு நாள் வீடு அவர்களுடையது. ஒரு தடவையாவது வாய்விட்டுச் சிரித்துவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். அதற்கு நடுவில் கவர்னர் மாளிகையின் தூண் ஒன்று வந்து நின்றது.

"இவங்க போகமாட்டாங்க," என்றான் கணவன் கிசுகிசுப்பாக. "ரெண்டு பேருக்கும் முயலுக்கு மூணு கால்தான்."

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மருமகள் அத்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தை, அந்தப் படத்துக்கெல்லாம் நெகட்டிவ் இருக்கா?"

இருந்தது. பட்டன் டப்பாவுக்கு அடியில், ஸ்டூடியோக்காரர் கொடுத்த அதே காகித உறையில். அத்தை எதையும் தூக்கிப் போடாதவள். ஒற்றைப் பட்டனுக்கும் ஒருநாள் சட்டை வரும் என்பது அவள் கொள்கை.

மதியம் நோயாளிகள் கூட்டம் குறைந்ததும், எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியைப் போட்டு, அதன்மேல் நெகட்டிவ் துண்டுகளை வரிசையாக வைத்தாள். வெள்ளை வெளிச்சத்தில் குட்டிக் குட்டிக் கட்டடங்கள் எழுந்து நின்றன. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வானம் கறுப்பு, நிழல் வெள்ளை. இருபத்தாறு வயது மாமாவுக்குத் தலை முழுக்க நரை. இப்போது இருப்பது போலவே இருந்தார்.

பூதக்கண்ணாடியை வைத்துத் தூண்களை எண்ணினாள். இடது பாதி. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு.

மறுபடி எண்ணினாள். ஏழுதான்.

ஓரத்தில் ஏழாவது தூண் பத்திரமாக நின்றது. அத்தையின் உள்ளங்கை அதன்மேல் இருந்தது. ஐந்து விரலும் இருந்தன.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. நெகட்டிவின் நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. அந்தக் காலத்துப் பிரிண்ட் ஐந்து அங்குலத்துக்கு மூன்றரை. ஒன்றரை மடங்கு வராது. படம் தாளில் அடங்க வேண்டும் என்றால் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டித்தான் ஆக வேண்டும். ஸ்டூடியோ மெஷின் வெட்டியிருக்கிறது. அத்தை நகரவில்லை. மாமாவும் தப்பாக அளக்கவில்லை. தூண் முப்பத்தைந்து வருடமாகப் பட்டன் டப்பாவுக்கு அடியில் இருந்திருக்கிறது.

மகிழ்ச்சியில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். பிறகு வலது பாதியையும் பார்த்துவிடலாம் என்று குனிந்தாள். அதோடு விட்டிருக்கலாம்.

வலது பாதியில் எட்டுத் தூண்கள்.

ஏழாவது தூண் இதிலும் இருந்தது. அதன்மேல் மாமாவின் கை இருந்தது.

மருமகள் மெதுவாக உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே எக்ஸ்ரேயில் விழாது. மூன்றாக எடுத்து ஒட்டுவார்கள். ஒட்ட வேண்டும் என்றால் ஒரு படத்தின் முடிவு அடுத்த படத்தின் தொடக்கத்திலும் கொஞ்சம் இருக்க வேண்டும். அது அவள் அன்றாடம் செய்கிற வேலை. ஆனால் மாமாவின் கணக்கு அப்படி இல்லை. ஆளுக்கு ஏழு. எட்டாவதாக ஒன்று வந்திருக்கிறது என்றால், மாமா சொன்ன இடத்தைக் கேமரா பார்க்கவில்லை. அத்தை திருப்பியிருக்கிறாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

செல்போனில் நெகட்டிவ்களைப் படம் எடுத்து, நிறத்தை மாற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மாமா நடக்கப் போயிருந்த நேரம். அத்தை மெஷினை நிறுத்தி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். முதல் படத்தைப் பார்த்ததும் "என் கை!" என்று கத்தினாள். இரண்டாம் படத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை மறுபடி கீழே இறக்கினாள்.

"அத்தை... நீங்க கேமராவைத் திருப்பினீங்களா?"

அத்தை வாசலைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கினாள். கிசுகிசுப்பு இந்த வீட்டுக்கே பொதுவான பாஷை என்பது மருமகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கால் நகரலை. சத்தியமா நகரலை. கைதான் கொஞ்சம் திரும்புச்சு. ரெண்டு துணியைச் சேர்க்கணும்னா தையலுக்கு அரை இன்ச் விட்டு வெட்டணுமா இல்லையா? ஓரத்தோட ஓரம் வச்சுத் தைச்சா நிக்குமா? அந்த மனுஷன் தையலுக்கு விடவே இல்ல. சொன்னா 'எல்லைன்னா எல்லை'ங்கறாரு. அதான் நானே விட்டுக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"படம் வந்தப்ப தூணே இல்லையே! திருப்பினேன்னு சொன்னா தொலைச்சது நான்தான்னு ஆயிடாதா? 'நகரலை'ன்னு சொன்னேன். அதுல பொய் இல்ல." அத்தை ஒரு நூலை எடுத்து விரலில் சுற்றினாள். "நீ ஒண்ணு பண்ணு. இடது பக்கப் படத்தை மட்டும் காட்டு. வலது வேணாம்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். இடது படத்தை மட்டும் காட்டினால் மாமா ஒத்துக்கொள்வார். ரயில் போகும். ஆறு நாள். ஆனால் பாதி எக்ஸ்ரேயைக் கொடுத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்று அவள் யாரையும் அனுப்பியதில்லை.

"ரெண்டும் சேர்ந்தாதான் அத்தை படம்," என்றாள். "நல்லாவும் இருக்கு."

அத்தை அவளையே பார்த்தாள். "பேசறதே நாலு வார்த்தை. அதுலயும் விட்டுக்கொடுக்க மாட்டியா நீ?" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை. பெட்டி இன்னும் பரண்மேல்தான் இருந்தது. மருமகள் இரண்டு படங்களையும் ஓரம் வெட்டாமல் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்து, மாமாவுக்கு எதிரில் மேசைமேல் வைத்தாள்.

"மாமா, இது ஸ்டூடியோல வெட்டாத படம். நீங்களே ஒட்டிப் பாருங்க."

மாமா கண்ணாடி தேடினார். ஸ்கேல் தேடினார். பென்சிலைச் சீவினார். அத்தை மெஷினில் இருந்து எழவில்லை. ஆனால் மெஷினும் ஓடவில்லை. கணவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஏழு," என்றார் மாமா. "இருக்கு! தூண் இருக்கு! டேய், தூண் இருக்குடா!" அடுத்த படத்தை இழுத்தார். எண்ணினார். ஸ்கேல் வைத்தார். ஒரு படத்தின்மேல் இன்னொன்றை ஏற்றி, தூணோடு தூணைப் பொருத்தினார். பென்சில் நின்றது.

"இவ திருப்பியிருக்கா," என்றார். "பாரு, ஏழு வரவேண்டிய இடத்துல எட்டு வந்திருக்கு. நான் சொல்லலை? நகர்ந்தான்னு முப்பத்தஞ்சு வருஷமா சொல்றேனே!"

கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் பழகிய மருமகளுக்குத் தன் மூச்சு நிற்பது கேட்டது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி ரயில் ஆளில்லாமல் புறப்படுவது கண்ணில் தெரிந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"எந்தப் பக்கம் மாமா?"

"என்னம்மா?"

"எந்தப் பக்கம் திருப்பியிருக்காங்க?"

மாமா படத்தைப் பார்த்தார். பென்சிலால் காற்றில் ஒரு கோடு போட்டார். மறுபடி பார்த்தார்.

"இடது பக்கம்," என்றார் மெதுவாக.

"வலது பக்கம்னுதானே இத்தனை வருஷம் சொன்னீங்க?" என்றாள் அத்தை மெஷினில் இருந்தபடியே.

"வலது பக்கம் திரும்பியிருந்தாத்தான் தூண் போகும். இது இடது பக்கம். தூணைத் தொலைக்கலை. கூட ஒண்ணு சேர்த்திருக்கே..." மாமா ஸ்கேலைக் கீழே வைத்தார். "ஏன் திருப்பினே?"

தையலுக்கு விட்ட கதையை அத்தை சொல்வாள் என்று மருமகள் எதிர்பார்த்தாள். அத்தை ரவிக்கைத் துணியை நீவிக்கொண்டே இருந்தாள்.

"உங்க கை வெட்டுப்பட்டுச்சு," என்றாள் கடைசியில். "கேமரால பார்த்தா உங்க கை மணிக்கட்டோட முடிஞ்சு போச்சு. கல்யாணமாகி ஒம்போது நாள். உங்க கையை வெட்டி எடுக்க எனக்கு மனசு வரலை. போதுமா?"

மாமா படத்தைக் குனிந்து பார்த்தார். ஒரே தூண். இந்தப் பக்கம் வளையல் போட்ட ஒரு கை. அந்தப் பக்கம் வாட்ச் கட்டிய ஒரு கை. நடுவில் நான்கு விரல் இடைவெளி.

"உன்னைத் தூணைத் தொட்டு நிக்கச் சொன்னேன், அதுதான் என் பாதிக்கு எல்லைக்கல்னு," என்றார். "நான் தொட்டதுக்கு ஒரு காரணமும் இல்ல. நீ தொட்ட தூணாச்சேன்னு தொட்டேன். படத்துல விழாதுன்னு நினைச்சுத்தான் தொட்டேன்."

அவர் காது சிவந்தது. அறுபத்தோரு வயதுக் காது சிவந்து மருமகள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கணவன் வாசற்படியில் திரும்பி நின்றுகொண்டு செருப்பை ஆராய்ந்தான்.

"சரி," என்றார் மாமா தொண்டையைச் செருமி. "நீ நகரலை. ஒத்துக்கறேன்."

"அதெப்படி? நகர்த்தினேன்."

"நீதானே நகரலைன்னு சொல்லச் சொன்னே?"

"அது நேத்து வரைக்கும். திருப்பினதாலதான் உங்க கை இருக்கு, படமும் ஒட்டுது. திருப்பினது நான்தான்னு ஒத்துக்கோங்க."

"கால் நகரலைன்னா நகர்ந்ததா ஆகாது. அளவைத் துறையில அப்படித்தான்."

"தையல்ல அப்படி இல்ல!"

மருமகள் கணவனைப் பார்த்தாள். கணவன் அவளைப் பார்த்தான். அடுத்த முப்பத்தைந்து வருடத்துக்கான வழக்கு அவர்கள் கண்ணெதிரில் பிறந்துகொண்டிருந்தது. அவன் ஒரே தாவலில் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கி நடுக்கூடத்தில் வைத்தான்.

"மீதியை ரயில்ல வச்சுக்கோங்க. பதினோரு மணி நேரம் இருக்கு!"

வெள்ளிக்கிழமை அவர்கள் போனார்கள். அத்தை கைப்பையில் தையல் சாக்பீஸ் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மருமகளின் செல்போன் 'டிங்' என்றது. மாளிகையின் இடது பாதி, அத்தையோடு. இன்னொரு 'டிங்'. வலது பாதி, மாமாவோடு. மாமாவின் செல்போனில் மாளிகை முழுதாகவே விழும், அது அவருக்கும் தெரியும். கீழே அவர் எழுதியிருந்தார்: 'ஒட்டும்மா.' பிறகு சுங்க மாளிகை. பிறகு ரயில் நிலையம். 'டிங்', 'டிங்' என்று பகல் முழுக்க வந்துகொண்டே இருந்தது.

"நம்ம ஆறு நாள் போச்சு," என்றான் கணவன்.

மருமகள் எழுந்து தையல் பெட்டியில் துழாவி ஒரு துண்டுச் சாக்பீஸை எடுத்தாள். கூடத்தின் தரையில் ஒரு குறி போட்டாள். தையல் மெஷினை ஒட்டி அவனை நிற்கவைத்து, குறியில் நின்று கூடத்தின் இடது பாதியை எடுத்தாள். பிறகு செல்போனை அவன் கையில் கொடுத்துக் குறியில் நிற்கவைத்துவிட்டு, மெஷினுக்கு மறுபக்கம் போய் நின்றாள்.

"நகராதீங்க," என்றாள்.

"மூச்சு விடலாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பழக்கத்தில் கை வாயைப் பொத்தப் போனது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது பாதி வழியில் நினைவுக்கு வந்தது. கை இறங்கிவிட்டது. சிரிப்பு கூடத்தைத் தாண்டி, அறைகளைத் தாண்டி, சமையல்கட்டுப் பாத்திரத்தில் பட்டு எதிரொலித்தது. அவன் படம் எடுக்க மறந்து நின்றான்.

"இவ்வளவு நாளா இதை எங்க வச்சிருந்தே?"

"எடுங்க முதல்ல!"

இரண்டு படங்களையும் மாமாவுக்கு அனுப்பினாள். கீழே, 'ஒட்டுங்க மாமா' என்று எழுதினாள்.

இரண்டு நிமிடம் சத்தம் இல்லை. கடற்கரையில் எங்கோ இரண்டு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஸ்கேல் இல்லாமல் திண்டாடுவது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. பிறகு பதில் வந்தது.

'மெஷின்ல சக்கரத்தைக் காணோம். நகர்ந்தது யாரு?'